கறுப்புக் கண்ணாடி போட்ட பத்து நாள்

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உன் மகளும் நலம். உனக்குப் புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? ஹாஸ்டல் போனில் வாரத்துக்கு மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். அதிலும் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் இருமுகிற இருமலிலேயே இரண்டு நிமிடம் போய்விடுகிறது. அதனால் விவரமெல்லாம் இனி கடிதத்தில்தான்.

நீ சொல்லிவிட்டுப் போனபடி குருவிக்குக் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு வந்து, ஏழு மணிக்கு இவள் நோட்டைச் சோதிக்கிறேன். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஐம்பத்திரண்டு பேருக்கு ஒரு டீச்சர். இங்கே ஒரே ஒருத்திக்கு ஒரு வாத்தியார், அதுவும் சித்தி, தப்பித்து ஓட வழியே இல்லை. போன வருஷம் இருபத்துநான்கு மார்க் வாங்கி, பாவம் பார்த்து எட்டாம் வகுப்புக்குத் தூக்கிவிடப்பட்ட பெண்ணா இவள் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நேற்று ஆறு கணக்கு கொடுத்தேன், ஆறும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. உடனே எழுது.

இங்கிருந்து உன் தங்கை.

ஜூன் 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆறும் சரி என்ற வரியை மட்டும் ஏழெட்டு தடவை. நான் சுகம். ஆபரேஷன் தியேட்டரில் நின்று நின்று கால்தான் வீங்குகிறது. உனக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

முப்பத்தெட்டு வயதில் இந்தப் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்ததே அதிசயம் என்று உனக்குத் தெரியும். என்னோடு படிப்பவர்கள் எல்லாம் என்னை அக்கா என்கிறார்கள், ஒருத்தி ஆன்ட்டி என்றாள், அவளோடு பேசுவதில்லை. இரண்டு வருஷம் முடித்தால் தியேட்டர் நர்ஸ். வார்டில் படுக்கை மாற்றிக்கொண்டே ரிட்டயர் ஆக வேண்டியதில்லை. ஆனால் என் பேச்சை நீ மறக்காதே. முழுப் பரீட்சையில் குருவி கணக்கில் தேறாவிட்டால் முதல் வருஷத்தோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். தேறிவிட்டால் இரண்டாவது வருஷத்தையும் முடிப்பேன். அவளிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "போய்ட்டு வாம்மா, நான் படிச்சுக்கறேன்"னு அவளேதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே காலம் ஓடுகிறது.

அவளுக்கு என் முத்தம். உனக்கும்தான்.

அக்கா.

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

வீங்குகிற காலைக் கொஞ்ச நேரமாவது தூக்கி வைத்துக்கொள். என் இடுப்பு என் சொல் கேட்டு நடக்கிறது.

உன் மகள் இப்போது மைனஸ் எண்களில் கலக்குகிறாள். ஐந்திலிருந்து மைனஸ் மூன்றைக் கழி என்றால் இரண்டு என்று எழுதப் போவாள், சட்டென்று நின்று, எட்டு என்று மாற்றிவிடுவாள். தன் தப்பைத் தானே பிடிக்கிற குழந்தை எத்தனை பேர் இருக்கிறார்கள் சொல்! கடையில் முதலாளியிடம் பெருமை அடித்தேன். "நீ பேசாம ட்யூஷன் சென்டர் வெச்சுடும்மா, நான் வேணா வாசல்ல உக்காந்து செருப்புப் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் உயரமாகிக்கொண்டு வருகிறாள். பாவாடை எல்லாம் முட்டிக்கு ஏறிவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆணவத்தோடு, உன் தங்கை.

ஆகஸ்ட் 16

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? குருவிக்குப் பாவாடை வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

வீட்டில் எல்லாம் சரியாகப் போடுகிறாள் என்று எழுதுகிறாய், சந்தோஷம். பள்ளியில் மாதப் பரீட்சை நடக்குமே, அதில் என்ன வாங்கினாள்? போனில் கேட்டால் "நல்லாப் பண்ணியிருக்கேம்மா" என்கிறாள். நல்லா என்றால் எவ்வளவு என்று கேட்பதற்குள் பின்னால் இருமல்.

பதிலில் எழுது.

அக்கா.

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் தக்காளிப் பழம் மாதிரி இருக்கின்றன. முதலாளி பத்து நாளைக்குக் கடைப் பக்கமே வராதே என்றுவிட்டார். பயப்பட ஒன்றும் இல்லை. குருவிக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று தள்ளித் தள்ளி உட்காருகிறேன்.

புதுப் பாவாடை இரண்டும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. கண் எரிகிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

தங்கை.

செப்டம்பர் 17

தங்கைக்கு,

கண் தேவலையா? சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு.

நான் மார்க் கேட்டேன், நீ பாவாடையைப் பற்றி எழுதியிருக்கிறாய். பூசி மெழுகுகிற வயதெல்லாம் நமக்குத் தாண்டிவிட்டது. மார்க் என்ன?

அக்கா.

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

என் கண் சரியாகிவிட்டது. எல்லா விதத்திலும்தான் சொல்கிறேன். நீ நலமா என்று கேட்கக்கூட நாக்கு கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

ஜூலைப் பரீட்சையில் பதினெட்டு. ஆகஸ்டில் இருபத்தொன்று. காலாண்டில் பத்தொன்பது. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. வீட்டில் பத்துக்குப் பத்து போடுகிறவள் பள்ளியில் ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. பயம் என்று நினைத்தேன், பதற்றம் என்று நினைத்தேன், அந்த டீச்சரைக்கூட மனதுக்குள் திட்டினேன். அடுத்த தடவை நல்ல மார்க் வரும், அப்போது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மறைத்துவிட்டேன். தப்புதான்.

இப்போது நடந்ததைக் கேள். கண்வலி வந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தேன். தினமும் போடுகிற அதே மாதிரிக் கணக்குகள்தான் கொடுத்தேன். குருவி எழுதினாள், நிமிர்ந்து பார்த்தாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி பார்த்தாள். பத்தில் எட்டு தப்பு. மறுநாள் பத்தும் தப்பு. மூன்றாம் நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சித்தி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டுங்களேன்" என்றாள்.

"எதுக்குடி?"

"உங்க மொகம் தெரியல."

"என் மொகத்துலயா விடை எழுதியிருக்கு?"

ஆமாம் என்கிறாள், அக்கா! கொஞ்சங்கூடத் தயங்காமல், ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள்: "தப்பா எழுதப் போனா உங்க கண்ணு சுருங்கும், பென்சில் நின்னுடும். ரொம்பத் தப்புன்னா மூக்கால மூச்சு விடுவீங்க. சரியா இருந்தா அடுத்த பக்கத்தப் பொரட்ட வெரல எச்சி பண்ணுவீங்க." தன் தப்பைத் தானே பிடிக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, அவள் பிடித்ததெல்லாம் என் மூச்சைத்தான்.

அவள் என்னை ஏமாற்றவில்லை. கணக்கு என்றாலே இப்படித்தான் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். ஏமாந்தது நான்தான். ஒன்பது வருஷமாக எனக்கு என்ன வேலை? கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பது. அப்போது குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் ஏறினாலும் வந்தவர் நம் மனதுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார், தப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போய்ப் படியில் தடுக்கி விழுவார். கடையில் இவ்வளவு கவனமாக இருக்கிறவள் வீட்டுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்து மூளையையும் கழற்றி வைத்திருக்கிறேன்.

திட்டி எழுது. காத்திருக்கிறேன்.

தங்கை.

டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அக்டோபர் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போனிலும் "சரி, சரி" என்பதோடு நிறுத்திவிடுகிறாய். கோபமா, உடம்பு சரியில்லையா? எதுவானாலும் ஒரு வரி எழுது.

இங்கே ட்யூஷன் தலைகீழாக மாறிவிட்டது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருகிறேன். கையில் பென்சில் கிடையாது. அவள் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். நான் கேட்பது ஒரே கேள்வி: எப்படித் தெரியும்? சரியாகப் போட்டாலும் அதே கேள்வி, தப்பாகப் போட்டாலும் அதே கேள்வி, கடையில் பேசுகிற அதே குரலில். முதல் இரண்டு வாரம் கேள்வி காதில் விழுந்ததும் சரியான விடையை எல்லாம் பரபரவென்று அழித்துவிடுவாள். சரிதான் என்ற வார்த்தை எனக்கு நாக்கு நுனி வரை வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒருநாள் அழுதாள். ஒருநாள் நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. அது எட்டாம் வகுப்பில் இல்லை. அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு என்றால் ஐந்தில் இரண்டு என்கிறாள். மேலே உள்ளதை மேலே கூட்டு, கீழே உள்ளதைக் கீழே கூட்டு. பின்னம் சொல்லிக்கொடுத்தது ஐந்தாம் வகுப்பில். அத்தான் இறந்த வருஷம். அந்த வருஷம் இவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், அவ்வளவுதான். அதன் மேல் மூன்று வருஷமாக மாடி மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த டீச்சர் இதை எங்கே போய்த் தேடுவார்?

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வந்தேன். காகிதத்தைக் கத்தரித்து அரையும் மூன்றில் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பின்னால் உட்கார்ந்து எப்படித் தெரியும் என்றேன். ஐந்தில் இரண்டையும் கத்தரித்து அரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திடீரென்று, "சித்தி! கூட்டினதுக்கப்புறம் அரையவிடக் கொறஞ்சு போச்சே, அதெப்படி?" என்று கத்தினாள். அக்கா, அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். இவளே கண்டுபிடித்த முதல் தப்பு அது. என் மூச்சிலிருந்து எடுத்ததில்லை.

மைனஸுக்குக் கடை லென்ஸ் பெட்டியைக் கடன் வாங்கி வந்தேன். பிளஸ் எட்டையும் மைனஸ் மூன்றையும் ஒரே பிரேமில் போட்டால் ஐந்து. அதிலிருந்து மைனஸ் மூன்றை உருவி எடுத்துவிட்டால் எட்டு. எடுத்தால் எப்படிக் கூடுகிறது என்று தன் கண்ணாலேயே பார்த்தாள். இப்போது அதில் தடுமாறுவதில்லை.

அரையாண்டில் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு நான்கு குறைவு. ஆனால் முப்பத்தொன்றும் அவளுடையது.

இன்னொன்று. போன வாரம் செருப்பு வாங்கப் போனோம். கறுப்பும் நீலமும் எடுத்து வைத்து எது வேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், கறுப்பை எடுத்தாள். கறுப்பு எனக்குத்தான் பிடிக்கும். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை செருப்போடு நிற்கவில்லை. அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை.

ஜனவரி 28

அன்புள்ள தங்கைக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் மேல் கோபமும் இல்லை. அக்டோபர் கடிதத்தைப் படித்த அன்றே நான் யோசித்ததும் நீ எழுதப் பயந்ததும் ஒன்றுதான். அதனால்தான் பேனா ஓடவில்லை.

அவர் போன பிறகு ஒரு வருஷம் வரை நான் எந்த நிமிஷம் அழுவேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும். நான் மூக்கை உறிஞ்சுவதற்கு முன்னால் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். பத்து வயதுக் குழந்தை! என்ன புத்திசாலி என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். முகத்தைப் படிக்க நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், நீ இல்லை.

கிளம்புகிற அன்று பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மடித்த சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா போகட்டுமாடா?" என்று கேட்டேன். போ என்றாள். அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும்? இந்தப் படிப்புக்காக எட்டு மாதம் அலைந்தவளின் முகம் எப்படி இருக்கும்? வேறு எந்தப் பதிலை அவள் சொல்லியிருக்க முடியும்?

அதே கேள்வியை மறுபடி கேட்கப் போகிறேன். போனில் கேட்க மாட்டேன், குரலிலும் முகம் இருக்கிறது. இதோடு அவள் பெயருக்கு ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். மார்க் என்ன வந்தாலும் சரி, அம்மா வரட்டுமா, இன்னொரு வருஷம் இருந்து முடிக்கட்டுமா என்ற கேள்வி மட்டும்தான் அதில் இருக்கிறது. அவசரம் இல்லை, பரீட்சை முடிந்து எழுதட்டும். அவள் எழுதும்போது நீ அறையில் இருக்காதே. எழுதியதைப் படிக்காதே. நான் என்ன நினைப்பேன் என்று கேட்டால், தெரியாது என்று சொல். அது உண்மையும்தான், எனக்கே தெரியவில்லை.

அக்கா.

ஏப்ரல் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம், சித்தி நலம். உன் கால் வீக்கம் குறைந்ததா? இந்தக் கடிதத்தை எழுதச் சித்தி என்னைத் தனியாக விட்டுவிட்டுப் பால் வாங்கப் போயிருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே பால் இருக்கிறது.

முழுப் பரீட்சை கணக்கில் ஐம்பத்தெட்டு. டீச்சர் என் பேப்பரை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். சித்தியிடம் சொன்னதும் சத்தம் போட்டுச் சிரித்தார், உடனே பின்பக்கம் திரும்பிக்கொண்டு, "எப்படித் தெரியும்?" என்றார்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. தேறாவிட்டால் நீ வந்துவிடுவாய் என்று பரீட்சை ஹாலில் ஞாபகம் வந்தது. நான்காவது கணக்குக்குப் பன்னிரண்டு மார்க். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதையும் அதற்கு அடுத்த இரண்டையும் விட்டுவிட்டால் போதும் என்று கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். பிறகு முதல் வரி மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று போட்டேன். அடுத்த வரி தானாக வந்தது. சரியாக வந்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்த முடியவில்லை அம்மா. முடித்துவிட்டேன். மற்ற இரண்டையும்தான்.

தேறிவிட்டதால் நீ அங்கேயே இருக்க வேண்டும் என்பது பழைய பேச்சு. உறையில் நீ கேட்டிருப்பது வேறு.

நீ கிளம்புகிற அன்று, போக வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் நீ சரி என்று சொல்லிவிட்டுச் சேலையை மறுபடி பீரோவில் வைத்திருப்பாய். பிறகு சமையலறையில் போய் நின்றிருப்பாய். உன் முகத்தில் அது தெரிந்தது. அதனால்தான் போ என்றேன். இந்தத் தடவை உன் முகம் இல்லை. சித்தி முகமும் இல்லை. மூன்று நாள் தனித்தனியாக யோசித்தேன். மூன்று தடவையும் ஒரே விடைதான் வந்தது.

நீ வந்துவிடு அம்மா.

உன் மகள்.

ஏப்ரல் 30

என் குருவிக்கு,

அம்மா சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீயும் சித்தியும் சுகம்தானே?

ஐம்பத்தெட்டு என்பதைத் தியேட்டரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு நோயாளியிடம்கூட. நான்காவது கணக்கை நீ முடித்ததில்தான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சந்தோஷம். அதற்காக உன்னை ஏன் திட்டப் போகிறேன்?

உன் கடிதம் கிடைத்த மறுநாள் தலைமை நர்ஸைப் போய்ப் பார்த்தேன். முதல் வருஷத்துக்குத் தனியாகச் சான்றிதழ் தருவார்களாம். இரண்டாவது வருஷத்தை மூன்று வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து முடிக்கலாம், ஆனால் இடம் இருந்தால்தான், உறுதி எதுவும் கொடுக்க மாட்டேன் என்றார். முதல் வருஷத்தோடு நிறுத்திக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மே பதினாறாம் தேதி காலை வருகிறேன். சித்தியிடம் சொல், அவள் தனியாக அழுவாள், கண்டுகொள்ளாதே. நாம் மூன்று பேரும் அந்த வீட்டிலேயே இருக்கப் போகிறோம் என்றும் சொல்.

இந்தக் கடிதத்தில் என் முகத்தை நீ பார்க்க முடியாது, அதனால் நானே எழுதிவிடுகிறேன். வருத்தம் இருக்கிறது. இந்தப் படிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த வருத்தம் உன்னால் வந்ததில்லை, அதை நீ துடைக்க வேண்டியதும் இல்லை, அது பாட்டுக்கு என்னோடு இருக்கும். ஆனால் நீ வா என்று எழுதிய வரியைப் படித்தபோது வந்த சந்தோஷம் அதைவிட எவ்வளவோ பெரியது. மூன்று வருஷத்தில் நீ உனக்காக என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

வந்து இறங்கியதும் நான் அழுதாலும் அழுவேன், சிரித்தாலும் சிரிப்பேன். எதற்கு என்று முகத்தைப் பார்த்து நீயாக ஒன்றும் கண்டுபிடிக்காதே. என்னைக் கேள், சொல்கிறேன்.

அம்மா.